எஸ். சின்னராஜின் கோல்டு கார்டு

ஏரியூர் பக்கம் சின்னராஜ் வீட்டுக்கு யார் போனாலும் இரண்டைப் பார்க்காமல் காபி கிடைக்காது. ஒன்று, லேமினேஷன் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழ். இன்னொன்று, விமானக் கம்பெனி கொடுத்த கோல்டு கார்டு. ஊர் ஊராகப் போய் மெஷின் மாட்டிக் கொடுக்கும் இன்ஜினியர் வேலையில் மூன்று வருஷம் பறந்து வாங்கியது.

"கோல்டுங்கறீங்க, உரசிப் பாத்தா பிளாஸ்டிக்கு," என்பாள் மனைவி ஜாஸ்மின். மூன்று கிறிஸ்துமஸுக்கும் அவன் ஏதோ ஓர் ஏர்போர்ட்டில் கிடந்தான். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் அவளையும் பத்து நாள் சிங்கப்பூர் கூட்டிப்போகக் கிளம்பியபோது சத்தியமே செய்தான்: ஏர்போர்ட் லவுஞ்சில் மகாராணி மாதிரி உட்கார வைத்துச் சாப்பாடு போடுவேன்.

"டிக்கெட்டு வேற கம்பெனியாச்சேங்க?"

"வேறதான். ஆனா ரெண்டும் ஒரே அலையன்ஸ்."

"கல்யாணம் ஆனவருக்கு எதுக்குங்க அலையன்ஸ்?"

"அடியே, பங்காளிங்க மாதிரின்னு வெச்சுக்க. ஒரு வூட்ல மரியாதைன்னா பங்காளி வூடு அத்தனையிலயும் மரியாதை. கூட ஒருத்தரையும் கூட்டிட்டுப் போலாம்."

"கெடா வெட்டுல தலைக்கறிக்கு மண்டைய ஒடைச்சுக்கிட்டாங்களே, உங்க பங்காளிங்க, அவங்க மாதிரியா?"

கிருஷ்ணகிரியில் கார் டிரைவர் டிபனுக்கு நிறுத்தப் போனார். லவுஞ்ச் சாப்பாட்டுக்கு வயிறு காலியாக இருக்கட்டும் என்று சின்னராஜ் விடவில்லை. ஓசூரிலும் விடவில்லை. பெங்களூர் ஏர்போர்ட் வந்தபோது ஜாஸ்மின் பேச்சையே நிறுத்தியிருந்தாள். அவள் திட்டினால் பயமில்லை, பேசாவிட்டால்தான் ஆபத்து.

செக்-இன் கவுண்டர் பெண் கார்டையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "சாரி, மிஸ்டர் சென்றாயன். இது வேற யாரோட கார்டோ."

"சென்றாயன் எங்கப்பாங்க!"

"அவர் எங்க சார்?"

"மாட்டுக்குப் புல்லு அறுத்துட்டிருப்பாரு."

கார்டுக்கும் உள்நாட்டு டிக்கெட்டுகளுக்கும் எழுதிக் கொடுத்தபோது, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் வெறும் எஸ். சின்னராஜ் என்று போட்டிருந்தான். பாஸ்போர்ட்டில் அந்த எஸ் விரிந்து, குடும்பப் பெயர் இடத்தில் அப்பா ஏறி உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டருக்கு இரண்டும் இரண்டு ஆள். தொப்பூர் தாண்டாத சென்றாயன் சிங்கப்பூர் போகிறார். கோல்டு மெம்பர் சின்னராஜ் ஏர்போர்ட்டுக்கே வரவில்லை.

"போர்டிங் பாஸ்ல கோல்டுன்னு வந்தாத்தான் லவுஞ்ச். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மிசஸ் சென்றாயன்."

ஜாஸ்மின் வாயைத் திறந்தாள். "யாருங்க மிசஸ் சென்றாயன்? அது எங்க மாமியாரு! செல்லி அத்தை காதுல வுழுந்தா அவ்வளவுதான்!" பசியில் மாமனார் பேரைச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "அந்தச் சர்டிபிகேட்டக் காட்டுங்க. வரவன் போறவனுக்கெல்லாம் காட்டுவீங்களே!"

கல்யாணப் போட்டோவுக்கும் முன்னால் அதுதான் அவன் போனில் இருந்தது. எஸ். சின்னராஜ், தந்தை பெயர் சென்றாயன், முதல் பட்டதாரி. தமிழிலும் இங்கிலீஷிலும், அரசாங்க முத்திரையோடு. பெண் படித்தாள். கார்டுக் கணக்கில் பதிந்த பிறந்த தேதியைப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்தாள். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டு, கார்டு நம்பரைக் கம்ப்யூட்டரில் கையால் தட்டினாள். புதுப் போர்டிங் பாஸில் 'கோல்டு' விழுந்தது.

லவுஞ்சில் சூடாக இருந்தது உப்புமா ஒன்றுதான்.

"இந்த உப்புமாவுக்கா இத்தனை பங்காளிங்க?" என்று கேட்டபடி ஜாஸ்மின் மூன்றாவது தட்டை முடித்தாள். அப்புறம் சாய்ந்து உட்கார்ந்தாள். "மிஸ்டர் சென்றாயன், இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம்ம வூட்ல இருக்கப்போறது யாரு? நீங்களா, சின்னராஜா?"

"ரெண்டு பேருமே," என்று சொல்லிவிட்டு, மகாராணிக்குக் காபி எடுக்கப் போனான்.