விரலிடுக்கின் ஈரம்

இதை எழுத எனக்குப் பல வருஷம் தயக்கம். எழுதினால், தொழுகையைக் குறை சொல்கிறாள் என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள் என்ற பயம். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் தமிழ் பேசும் ராவுத்தர் வீடுகள் கொஞ்சம்தான். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் என்ன மீன் என்று கடைசி வீட்டுக்கும் தெரிந்துவிடும். இப்போது அந்தப் பயம் போய்விட்டது. சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை போடுகிறேன், சாயாவில் சீனி சேர்ப்பதில்லை, அது போதும் என்று இருந்தேன். கால் விரல்களை நினைத்ததே இல்லை. ஐந்து வேளையும் தொழுகைக்கு முன்னால் ஒளு எடுப்பேன். முகம், கை, கால் கழுவிய அந்தத் தண்ணீரைத் துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும், சொட்டுகிற துளியோடு பாவமும் போகிறது என்று கேட்டு வளர்ந்தவள் நான். மழைக்காலத்தில் இங்கே கொடியில் போட்ட துணியே காயாது. விரலிடுக்கு எங்கே காயும்? தொழுதுவிட்டு அப்படியே அடுக்களைக்குப் போய், மீன் கழுவுகிற ஈரத்தில் நிற்பேன்.

முதலில் கண்டது என் மகள். தொழுகை விரிப்பை மடிக்கும்போது, "அம்மா, இதுல சாயா கொட்டினீங்களா?" என்றாள். என் வலது கால் படுகிற இடத்தில் மஞ்சளாக ஒரு கறை. காலைத் தூக்கிப் பார்த்தால், சுண்டுவிரல் இடுக்கு வெளுத்துப் பிளந்து சீழ் வைத்திருந்தது. அல்லாஹ் அறிய, வலிக்கவே இல்லை. மறுநாள் குளிர்காய்ச்சல். கால் முட்டிவரை சிவந்து வீங்கியது.

"வலி இல்லாததுக்குத்தான் பேடிக்கணும், பயப்படணும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "சர்க்கரை கூடி, காலுக்கு உணர்வு போயிருக்கு. ஈரத்துல பூஞ்சை வந்து தோல் பிளந்து, அதுவழி கிருமி உள்ளே கேறிடுச்சு. இனியும் ஈரம் நின்னா பாதமே போகும்."

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் தன் பழைய வெள்ளை முண்டு வேட்டியைக் கிழித்து, குழாயடியில் எனக்கென்று ஒரு துணி தொங்கவிட்டார். பள்ளிவாசல் உஸ்தாதிடமும் கேட்டு வந்தார். துடைத்தால் ஒளு முறியாது என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு இடுக்காகத் துடைக்கிறேன். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்து உள்ளங்காலையும் பார்க்கிறேன்.

மாமியார் இறந்த நாளில் ஓதும் வருஷ பாத்திஹாவுக்குப் பெண்கள் கூடியிருந்தார்கள். வீட்டுக்காரரின் அக்கா, நான் மைனி என்று கூப்பிடுபவர், பள்ளுருத்தியிலிருந்து வந்திருந்தார். ஒளு எடுத்துவிட்டு நான் துணியை எடுத்ததும் பிடித்துக்கொண்டார்.

"எந்தா இது? கிடைக்கிற நன்மையையும் துணியில துடைச்சுப் பிழியிறியா?"

"ஈரத்தத்தான் துடைக்கிறேன் மைனி."

"நாளைக்கு டாக்டர் சொன்னா தொழுகையையும் விட்டுருவே."

பெண்கள் சிரித்தார்கள். என் காது சுட்டது.

"படைச்சவன் குடுத்த விரல்ல ஒண்ணு போச்சு. மிச்சத்த என்ன செஞ்சேன்னு அவன் என்னையத்தான் கேப்பான். நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

"அவளுக்கு விரல்தான் போச்சு, நாக்கு நல்லாத்தான் இருக்கு!" என்றார் மைனி மற்றவர்களிடம்.

"அதையும் ஈரமில்லாம வச்சிருக்கேன் மைனி."

இந்தமுறை சிரிப்பு என் பக்கம் வந்தது. எல்லோரும் பார்க்க, அவசரமே இல்லாமல், விரல் போன இடம் வரைக்கும் துடைத்தேன். பிறகு மைனியின் தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுதேன்.

மைனிக்கும் சர்க்கரை உண்டு. அவருக்காகக் குழாயடியில் இன்னொரு துணி தொங்கவிட்டிருக்கிறேன். வரும்போதெல்லாம் அதைத் தொடாமல், தரையெல்லாம் ஈரக்காலடி வைத்துப் போகிறார். போகட்டும். நானும் அந்தத் துணியை எடுப்பதாக இல்லை. துவைத்துத் துவைத்து அங்கேயேதான் போடுவேன்.

இதைப் படித்தவர்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர்களிடம் சொல்லுங்கள். நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். தொழுகையை விட்டாள் என்று கூட்டிச் சொல்ல வேண்டாம், விடவில்லை. விரல் போனதை மறைக்கவும் வேண்டாம், போனது போனதுதான். அந்தத் துணியை மட்டும் சொல்ல விட்டுவிடாதீர்கள்.