குமிழ் அடங்கியது

என் நாட்குறிப்பில் நான் ஒரு பொய் எழுதினேன். அதனால் என் மனைவியின் தம்பி குமரனின் இடக்கண் போயிற்று. இன்றுவரை இதை எவரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் நம்புவீர்களோ தெரியாது... தினமும் தவறாமல் எழுதுகிறவன் நான். மழை விட்ட நேரம்கூட அதில் இருக்கும். கூடத்து மேசையில் எவரும் புரட்டிப் பார்க்கும்படி அது கிடக்கும்.

அந்த ஐப்பசியில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குட்மேய்ஸ் ஊர் வீட்டில் நானும் குமரனும் பியர் தயாரித்தோம். வாளியில் நொதித்துக் குமிழ் அடங்கிய பிறகுதான் கொஞ்சம் சீனி சேர்த்துப் போத்தலில் அடைக்க வேண்டும். இரண்டு கிழமையில் அளவாகக் காஸ் ஏறும். அடங்குமுன் அடைத்தால் அளவு மீறும், போத்தல் வெடிக்கும். இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்!

கந்தசஷ்டி வந்தது.

"இந்தப் புளிச்ச மணத்துக்குள்ள என்னால விரதம் பிடிக்கேலாது. விடிய அந்த வாளி வீட்டில நிக்கக்கூடாது!" என்றாள் மனைவி.

மூடிய போத்தல் மணக்காது. அன்று மாலையே தனியாக அடைத்தேன். குமரன் மினிகேப் டாக்ஸி ஓட்டும் ஷிப்டில் இருந்தான். குமிழ் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் 'குமிழ் அடங்கியது' என்று எழுதினேன். ஏன்? பக்கம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று... அவ்வளவுதான்.

போத்தல்கள் மாடிப்படிக்குக் கீழே இருந்தன. வரும்போதெல்லாம் குமரன் குனிந்து பார்ப்பான். "அத்தான், பிள்ளைப்பேறு எப்ப?"

பதினைந்தாம் நாள் மத்தியானம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"கொஞ்சம் பொறுப்பமோ?" என்றேன்.

"எல்லாம் சரியெண்டு டயரியில கிடக்கே! உங்கட டயரி பிழைக்குமோ?"

சிரித்தான். போத்தல் கையிலேயே வெடித்தது.

ஆஸ்பத்திரியில் மனைவி, கட்டுப் போட்டுக் கிடந்த தம்பியையே ஏசினாள். "நீதான் குலுக்கியிருப்பாய்! அவர் எழுதி வச்செல்லோ எதையும் செய்யிறவர்."

"ஓமக்கா... குலுக்கிப்போட்டன் போல."

அவன் குலுக்கவில்லை. நான் எதிரேதான் நின்றேன்! வாய் திறந்தேனா? அவனுடைய ஜாக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

அழுகை வரவில்லை. இப்போதும் வருவதில்லை. அழுகை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை...

அவனுடைய டாக்ஸி லைசன்ஸ் போயிற்று. போன மாதம் அரசாங்க உதவிப்பணத்துக்கான பெனிபிட் படிவத்தோடு வந்தான். "உங்கட எழுத்து வடிவு அத்தான். நீங்களே நிரப்புங்கோ."

காயம் எப்படி ஏற்பட்டது என்று ஒரு கட்டம் இருந்தது. பேனையோடு காத்திருந்தேன். சொல்லியிருக்கலாம்... வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம்.

"என்ர கவனக்குறைவு எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். ஓர் எழுத்தும் கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினேன். அவன் தலையைச் சாய்த்து, கையெழுத்துப் போடும் கோட்டைத் தேடினான். நான் விரலை வைத்துக் காட்டினேன்.