கொடி தூக்கிய பின்னேரம்

சமாதானக் கிண்ணப் போட்டிக்குக் கோட்டோரத்தில் கொடி பிடிக்கும் லைன்ஸ்மனாக நிற்கும்படி என்னைக் கேட்டு வந்தவர்களிடம், எனக்குப் பந்தை நேராக உதைக்கக்கூடத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அதனால்தான் உங்களிடம் வந்தோம் என்றார்கள். ஊரில் உதைபந்தாட்டம் தெரிந்த மற்ற எல்லோரும் ஏதாவதொரு கழகத்தில் இருந்தார்கள். நான் எந்தக் கழகத்திலும் இல்லை. ஆனால் வெளிநாட்டு ஆட்டம் ஒன்றையும் தொலைக்காட்சியில் தவறவிடமாட்டேன், நடுவர் தப்பாக விசில் ஊதினால் கதிரையிலிருந்து எழும்பிக் கத்துவேன் என்பது தெருவுக்கே தெரியும்.

நான் எதற்கும் வெறிபிடித்த ரசிகன் அல்ல. எல்லாமே ஒரு சந்தோசத்துக்குத்தான். நான் பிறக்குமுன் வெள்ளைக்காரர் வாசித்த றொக் பாட்டுகளைச் சொற்கள் விளங்காமலே பிழையாகப் பாடுவேன். கால்சட்டைக்கு மேல் உள்ளாடை போட்டுக்கொண்டு பறக்கும் வீரர்களின் சித்திரக் கதைகளைக் கல்யாணத்துக்குப் பிறகும் வாசித்தேன். கல்முனையில் நான் வேலை செய்த கந்தோரில் இதே மூன்று பைத்தியங்களும் கொண்ட இன்னொருவர் இருந்தார். காரைதீவுக்காரர், தமிழர், என் வயது. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் என்னைக் காக்கா என்பார். பகல் சாப்பாட்டு நேரத்தில் சின்னக் கசெட் பெட்டியை மேசைக்கடியில் வைத்து இருவரும் கேட்போம். எந்த வீரன் எவனை அடிப்பான் என்று வழக்காடுவோம். மற்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சுனாமியில் கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீடு போனது. மனைவியையும் மகளையும் அல்லாஹ் எனக்குத் திருப்பித் தந்தான். அதன் பிறகு மனைவியின் தாய்வீட்டில், மாமியோடுதான் இருந்தோம். கந்தோர் திறந்த நாள் அவரைக் கண்டேன். இரண்டு பக்கத்திலும் யார் யார் போனார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டோம். அது முடிய நெடுநேரம் எடுத்தது. கடைசியில் அவர் மெதுவாகக் கேட்டார், “கசெட்டெல்லாம், காக்கா?”

“கடல் கேட்டுக்கொண்டிரிக்கும்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அழுதோம்.

போட்டி வைத்தது ஒரு தொண்டு நிறுவனம். எங்கள் முஸ்லிம் ஊரின் அணியும் காரைதீவுப் பக்கத்துத் தமிழ் இளைஞர் அணியும் ஆடவேண்டும் என்று தீர்மானித்திருந்தார்கள். யுத்தம் திரும்பவும் சூடேறியிருந்த காலம். மட்டக்களப்பிலிருந்து வரவேண்டிய நடுவர்கள் பாதை சரியில்லை என்று வரவில்லை. அம்பாறையிலிருந்து சிங்கள விளையாட்டு ஆசிரியர் ஒருவர் நடுவராக வர ஒப்புக்கொண்டார். கோட்டில் கொடி பிடிக்க இரு ஊரிலிருந்தும் ஒவ்வொருவர் என்று முடிவாயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து தெரிவானவர் என் கந்தோர்க் கூட்டாளி.

எங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரன் என் மனைவியின் தம்பி; நானும் அவனும் ஒருவரையொருவர் மச்சான் என்போம். நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே சட்டியில் சாப்பிட்டோம். மனைவி சிவப்பும் மஞ்சளுமாக எனக்குக் கொடி தைத்துக்கொண்டிருந்தபோது, நான் போடப்போகும் கறுப்புச் சேட்டோடு முதுகில் தொங்கப் போர்வை ஒன்றும் கட்டிக்கொண்டால் மச்சான் பறந்தே போகலாம் என்று அவன் பகிடி பண்ணினான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் பிரதான வீதியில் ஒருவரைச் சுட்டுவிட்டார்கள். யார் சுட்டது என்று எல்லோரும் கதைத்தார்கள், யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. கடைகள் அரைக் கதவு திறந்திருந்தன. போட்டியைத் தள்ளிப்போட்டால் பயந்துவிட்டோம் என்று ஆகும் என இரு பக்கமும் சொல்லிவிட்டது. பின்னேர அசர் தொழுகைக்கு முன் முடிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு பொலிசார் அனுமதி கொடுத்தார்கள். மைதானத்தின் நான்கு மூலையிலும் படையினர் நின்றார்கள். எங்கள் ஊர்ச் சனம் மூன்று பக்கமும் நிறைந்திருந்தது. இரண்டு லொறியில் வந்த காரைதீவுக்காரர்கள் ஒரு பக்கத்தில் நெருங்கி நின்றார்கள்.

முதற்பாதியில் அவர்கள்தான் என் பக்கத்துக் கோலை நோக்கி ஆடினார்கள். இரண்டு தரம் ஓப்சைட்டுக்குக் கொடி தூக்கினேன். இரண்டும் சரியான ஓப்சைட். எங்கள் சனம் கைதட்டியது. தண்ணீர்ப் போத்தல்கூடக் கொண்டுவந்து தந்தார்கள். எதிர்க் கோட்டில் என் கூட்டாளிக்குக் கொடி தூக்கும் தேவையே வரவில்லை. அவருடைய அதிர்ஷ்டத்தை எண்ணிக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறின. இப்போது எங்கள் அணி என் பக்கம் வந்தது. கோல் விழவில்லை. நேரம் போகப்போக சத்தம் மாறியது. முதலில் அணியின் பெயரைக் கத்தினவர்கள் பிறகு ஊரின் பெயரைக் கத்தினார்கள், அதன் பிறகு கத்தியவை கேட்கக்கூடாத சொற்கள். அந்தப் பக்கமிருந்தும் பதில் வந்தது. நடுவர் அடிக்கடி கைமணிக்கூட்டைப் பார்த்தார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் நடுவிலிருந்து ஒரு நீளப் பந்து வந்தது. ஓப்சைட் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பந்து உதைபடும் அந்தக் கணத்தில், வாங்கப்போகிறவனுக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியில் கோல்காப்பாளரைத் தவிர இன்னும் ஒருவராவது நிற்கவேண்டும், அல்லது அவனோடு சமமாக நிற்கவேண்டும். அந்தக் கணத்தில் நான் கோட்டில் நேராக நின்றேன். கடைசித் தடுப்பாட்டக்காரனைவிட அரை அடி முன்னால் என் மச்சானின் முதுகு தெரிந்தது. பந்து அவன் காலுக்கு வந்தது. அடித்தான். வலை ஆடியது.

நான் கொடியைத் தூக்கியிருந்தேன். தூக்கவேண்டும் என்று யோசித்து ஞாபகமில்லை. கை போய்விட்டது.

சனம் முதலில் கோலுக்காகத் துள்ளியது. பிறகு ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். சத்தம் அப்படியே அடங்கியது. நடுவர் ஓடிவந்து, தெரிந்த தமிழில் கேட்டார், “நீங்க பாத்ததா?”

“ஓம், பாத்தன்.”

அவர் என் முகத்தை ஒருகணம் பார்த்துவிட்டு விசிலை ஊதி, கோல் இல்லை என்று கையை அசைத்தார். அதோடு எனக்குப் பின்னால் சனத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. முதுகில் ஒரு கல் விழுந்தது. “ரெண்டு பேரும் ஒரே கந்தோர், ஒண்டா இரிந்து பாட்டுக் கேக்குற ஆக்கள்” என்று யாரோ கத்தினார்கள். அந்தக் கல்லைவிட அந்த வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. இனி இது உதைபந்தாட்டம் இல்லை என்று விளங்கிவிட்டது.

மைதானத்தின் எதிர்க் கோட்டில் என் கூட்டாளி நின்றார். அவர் என் பக்கம் வர அடியெடுத்து வைத்ததைக் கண்டேன். வந்திருந்தால் இருவரும் திட்டம் போட்டுச் செய்தது என்று முடிந்திருக்கும், அவர் உயிரோடு திரும்பியிருப்பாரோ தெரியாது. கொடி இல்லாத கையை இடுப்புக்குக் கீழே வைத்து, வராதே என்று அசைத்தேன். அவர் நின்றார். கொடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, அசையாமல் என்னையே பார்த்தபடி நின்றார். எனக்கு அதைவிடப் பெரிய துணை அன்று கிடைக்கவில்லை.

மச்சான் ஓடிவந்து என் முகத்துக்கு நேரே நின்றான். வியர்வையும் மண்ணுமாக இருந்தான். மூச்சு வாங்கியது.

“மச்சான், கையைக் கீழ போடுங்க.”

“போடமாட்டன்.”

“ஆக்கள் வாறாங்க. கீழ போடுங்க.”

“அது ஓப்சைட்” என்றேன்.

அவன் பல்லைக் கடித்தான். பிறகு திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிற சனத்தைப் பார்த்து நின்றான். கையை விரிக்கவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. அவன் எனக்குக் காவலாக நின்றானா, ஆத்திரத்தில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் முன்னால் வந்தவர்களுக்கு என்னைத் தொடுவதென்றால், கோல் அடித்த அவனைத் தள்ளிவிட்டுத்தான் வரவேண்டியிருந்தது. அவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்குள் படையினர் நடுவே வந்துவிட்டார்கள். அதிகாரி நடுவரிடம் ஏதோ சொல்ல, அவர் நீளமாக விசிலை ஊதி ஆட்டத்தை முடித்தார். பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. சமநிலையில் முடிந்தால் கிண்ணத்தை யாருக்குக் கொடுப்பது என்று எவரும் யோசித்திருக்கவில்லை. தொண்டு நிறுவனத்தார் அதைத் தங்கள் வாகனத்திலேயே திருப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

காரைதீவுக்காரர்களை முதலில் லொறியில் ஏற்றினார்கள். நானும் கூட்டாளியும் ஒரு சொல் பேச முடியவில்லை. அந்த லொறிகள் சந்தியைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து கைத்தொலைபேசியில் அவருக்கு எடுத்தேன், பதில் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். மனைவி முதுகில் எண்ணெய் தடவினாள். மாமி சோற்றை வைத்துவிட்டு உள்ளே போனா. மச்சான் சாப்பிட வரவில்லை.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுது வந்த பிறகுதான் கூட்டாளி எடுத்தார். கல் எறியில் லொறிக் கண்ணாடி ஒன்று உடைந்தது, ஆளுக்கு ஒன்றுமில்லை என்றார். தங்கள் ஊரில் என்னை மிகவும் நல்ல மனிதன் என்று புகழ்கிறார்களாம்.

“எனக்குக் கோவம் வந்திட்டு, காக்கா. அவர் நல்லவர், கெட்டவர் எண்ட கதை இல்ல, அவருக்கு ஓப்சைட் தெரியும், அவ்வளவுதான் எண்டு சொல்லிப்போட்டன்.”

அன்று முழுக்க வராத அழுகை அப்போது வந்தது.

மச்சான் என்னோடு கதைக்கவில்லை. தெருவில் என்னைக் கண்டால் பையன்கள் கையைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் ஸலாம் சொல்வதையும் விட்டார்கள். கந்தோரில் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சக் காலம் வேறு வேறு மேசையில் சாப்பிட்டோம். அதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களாகவே செய்தோம். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

நோன்புப் பெருநாள் காலை, திடலில் தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவியபோது மச்சானும் வந்தான். பெருநாளில் முகம் திருப்ப முடியாது. என்னை இறுக்கிப் பிடித்தான்.

“அது கோல்தான்” என்றான் காதுக்குள்.

“ஓப்சைட்.”

“கோல், மச்சான்.”

அவன் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறான் என்று கண்டுகொண்டேன். அன்று பகல் மாமி எங்கள் இருவருக்கும் ஒரே சட்டியில் சோறு போட்டா.

யுத்தம் முடிந்த வருடம் அவன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். கிழமைக்கொரு தரம் தொலைபேசியில் அக்காவோடு கதைத்துவிட்டு என்னைக் கேட்பான். ஊர்ப் புதினம், மழை, மகளின் படிப்பு எல்லாம் கதைப்போம். அந்தக் கோலைப் பற்றி மட்டும் இன்னும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. நானும்தான்.