பதினாறு நிறத்தில் ஒரு தூரத்து மலை

01-01-1980, நள்ளிரவு பன்னிரண்டு மணி. என் பீரோவில் கிடந்த ஒரு ஃபிளாப்பியைச் சென்ற மாதம் நண்பர் ஒருவரின் உதவியோடு திறந்தபோது, அதிலிருந்த ஒரே கோப்பின் தேதியாகக் கணினி இதைத்தான் காட்டியது. கோப்பின் பெயர் ‘மலை’.

இந்தத் தேதியை நான் ஏற்கவில்லை. அன்று நான் பிறந்திருக்கவே இல்லை. அந்த மலையை வரைந்தவளோ நான். நடந்தது இதுதான். சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் கடிகார பேட்டரி செத்துப் போயிருந்தது. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் அது 1980 ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்துதான் வாழ்க்கையைத் தொடங்கும். சுவரில் கடிகாரமும் காலண்டரும் இருக்கும்போது மிஷினுக்கு எதற்குத் தனியாக ஒன்று என்பது சித்தப்பாவின் கட்சி.

எனவே வேறு சான்று தேட வேண்டியதாயிற்று. நான் அப்போது ஆறாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குள்ளேயே ஆயுத பூஜை வந்தது நன்றாக நினைவிருக்கிறது. பழைய பஞ்சாங்கங்களைப் புரட்டினேன். 1998இல் பூஜை செப்டம்பர் கடைசியில் வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு அக்டோபர் பாதிக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. அப்போது பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும். ஆகவே 1998 என்று முடிவு கட்டியிருக்கிறேன். என் அத்தை மகன் 1997 என்கிறான். அவன் எதிலும் அப்படித்தான்.

சித்தப்பாவின் கம்ப்யூட்டர் சென்டர் மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. நீளமான ஒரே அறை. வாசலிலிருந்து உள்ளே ஜன்னல் வரைக்கும் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஜன்னலோரத்தில் இருந்த கடைசி ஒன்று மட்டும் கலர். கலர் என்றால் பதினாறு நிறம். அதற்கு மேல் உலகத்தில் நிறம் இருப்பதாக அந்த மிஷினுக்குத் தெரியாது.

அந்தக் கலர் மிஷினில் ஒரு விளையாட்டு இருந்தது. முதுகில் மூட்டை கட்டிய ஒரு குட்டி மனிதன் மேடைக்கு மேடை தாவி, பள்ளம் தாண்டி, முள்ளில் மாட்டாமல் கடைசியில் ஒரு கதவுக்குள் போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அவனுக்குப் பின்னால் எப்போதும் கறுப்பு. பகலா இரவா, வீடா காடா என்று சொல்ல முடியாத வெறும் கறுப்பு. இந்த விளையாட்டின் மேல் பைத்தியம் பிடித்த யாரோ ஒரு ரசிகர், புது லெவல்களை, அதாவது அவன் ஓடும் புதுப் பாதைகளை, நாமே கட்டிக்கொள்வதற்கு எடிட்டர் என்று ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். பெங்களூரில் படித்த மாணவர் ஒருவர் அதை ஃபிளாப்பியில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கட்டம் கட்டமாக மண்ணை வைக்கலாம், முள்ளை வைக்கலாம். ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதாக்கி அதற்குள் புள்ளி புள்ளியாக நாமே படமும் வரையலாம்.

விடுமுறை விட்டதும் அத்தை மகன் சோழவந்தானிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் ஒரு லெவல் கட்டினான், நான் ஒன்று கட்டினேன். சித்தப்பா பந்தயம் வைத்தார். விஜயதசமியன்று புதிதாகச் சேர வரும் முதல் ஆள் இரண்டையும் ஆடிப் பார்க்க வேண்டும். எந்த லெவலில் கதவுவரை போகிறாரோ அது கலர் மிஷினில் நிற்கும். மற்றது அழிக்கப்படும். வேண்டாத கோப்பு ஒன்று டிஸ்கில் இருந்தால் சித்தப்பாவுக்குச் செருப்புக்குள் கல் கிடப்பது போல. எடுத்துப் போட்டால்தான் நடப்பார்.

அத்தை மகனின் லெவல் முழுக்க முள். நிற்க இடமிருக்கும் இடத்தில் எல்லாம் முள். என்னுடையதில் முள்ளே கிடையாது. கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம், பின்னால் மலைகள். பஸ்ஸில் போகும்போது நாகமலை தூரத்தில் நீளமாகப் படுத்துக்கொண்டு கூடவே வருமே, அதுமாதிரி ஒன்று அந்தக் குட்டி மனிதனுக்கும் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று வரிசையாக மலை வரைந்து பச்சை, பழுப்பு, நீலம் என்று அப்பினேன்.

பூஜைக்கு முந்தின நாள் அத்தை மகன் அதை ஆடிப் பார்த்தான். ஓடினான், தாவினான், மலையுச்சியில் கால் வைக்கப் போய் நேரே பள்ளத்துக்குள் விழுந்தான்.

“ஏய், மலை மேல நிக்க முடியல?”

“அது பின்னாடி இருக்கு. தூரத்துல.”

“எங்க தூரத்துல? முன்னாடி வந்து மூஞ்சில மோதுது. மாமா, இங்க வாங்க. சுவத்துல போஸ்டர் ஒட்டி வச்சுட்டு மலைங்குது இந்தப் புள்ள.”

சித்தப்பாவும் ஆடினார். அவரும் மலையில் ஏறப் போய் விழுந்தார். “மாப்ள சொல்றது சரிதான் தாயி. எது தரை, எது மலைன்னு கண்ணுக்குத் தெரியல. வாரவன் ஒவ்வொருத்தனும் விழுவான்.”

நான் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சொன்னது உண்மை. மூன்று மலையும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. ஏன் என்றுதான் தெரியவில்லை. நிறத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றால் இருப்பதே பதினாறுதான். யோசிக்கவும் நேரமில்லை. சித்தப்பா சுவிட்சை அணைத்துவிட்டு அறிவித்தார்: “நாளைக்கு ஒரு மிஷின்லயும் கை வைக்கக் கூடாது. சாமிக்கு வச்சா வச்சதுதான். நாளான்னைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் தொடணும்.”

மறுநாள் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. வாசலில் வாழைக்கன்று. கீபோர்டுகளின் மேல் எங்கள் பாடப் புத்தகங்களும் பேனா பென்சிலும் அடுக்கப்பட்டன. அவற்றையும் தொடக்கூடாது என்பதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. விளக்கு அணையாமலிருக்க ஃபேனை நிறுத்தி, மழைச்சாரலுக்கு ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். சித்தி சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அறை நெடுகக் காட்டினாள்.

நான் வாசலில் நின்றிருந்தேன். புகை நிறைந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த மானிட்டரின் மாலையில் பூவைப் பூவாக எண்ணலாம். அடுத்ததில் மாலை தெரிந்தது, பூ தெரியவில்லை. அதற்கடுத்து வெறும் உருவங்கள். கடைசியில் கலர் மிஷின், சுவரின் நிறத்தோடு நிறமாக, இருக்கிறதா என்று கேட்கும்படி வெளிறி நின்றது. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வெண்மஞ்சள் நிறம். ஆனாலும் எது கிட்டே, எது எட்டே என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

“மாமா, கண்ணு எரியுது. ஃபேனப் போடுங்க” என்று இருமினான் அத்தை மகன்.

“போடாதீங்க!” என்று நான் கத்தினேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தப் புள்ளைக்கு இம்புட்டு பக்தியா!” என்று என் நெற்றியில் திருநீறு பூசினாள். என் பக்தியைப் பற்றி அவள் பல காலம் உறவினர்களிடம் சொல்லி வந்தாள். நான் மறுத்ததில்லை.

தூரத்து மலை வெளிற வேண்டும். கிட்டே வர வர நிறம் கனக்க வேண்டும். விஷயம் பிடிபட்டுவிட்டது, ஆனால் மிஷினைத் தொடக்கூடாது. தாளில் வரைந்து பார்க்கலாம் என்றால் பென்சிலும் சாமியிடம் இருந்தது. சாமிக்கு வைக்காமல் மிச்சமிருந்தது கோலப்பொடி ஒன்றுதான்.

மாடிப்படிக்குக் கீழே, மழை விட்ட சந்தில் உட்கார்ந்தேன். மார்கழியில் மிஞ்சிய நீலப்பொடி சித்தியிடம் இருந்தது. தூரத்து மலைக்கு ஒரு கை வெள்ளையில் ஒரு சிட்டிகை நீலம். நடு மலைக்குப் பாதிக்குப் பாதி. கிட்டத்து மலைக்கு வெறும் நீலம். சித்தி எட்டிப் பார்த்தாள்.

“ஆயுத பூஜைக்கு எவளாச்சும் மலையக் கோலம் போடுவாளா? தாமரை போடுடி.”

“மலைதான் சித்தி வேணும்.”

“அப்ப மலை மேல ஒரு தாமரையாச்சும் போடு. கேக்குறவங்களுக்கு நான் என்ன சொல்றது?”

மலைக்குப் பின்னால் மலை போனது. சந்துக்குள்ளே ஒரு சந்து திறந்த மாதிரி இருந்தது. ஆனால் சந்தோஷம் பாதிதான். பொடியைக் கலக்கலாம், மிஷினில் நிறத்தைக் கலக்க முடியாதே. அந்தக் கவலையோடு படியேறி, மாடி ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தேன். இளநீலத்தில் மலை கிடந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் நிதானமாக அதன் மேல் ஏறி இறங்கிப் போனார். சேதம் எவ்வளவு என்று பார்க்க ஓடிப்போய்க் குனிந்தேன். கிட்டத்தில் இளநீலமே இல்லை! வெள்ளைத் துகளும் நீலத் துகளும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாகக் கிடந்தன. கலந்தது பொடி இல்லை, மேலே இருந்து பார்த்த என் கண்.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்து கற்பூரம் அணைவதற்குள் நான் கலர் மிஷினின் முன்னால் இருந்தேன். கட்டத்தைப் பெரிதாக்கி ஒரு புள்ளி நீலம், ஒரு புள்ளி வெள்ளை. அடுத்த வரியில் மாற்றி. தூரத்து மலைக்கு வெள்ளை கூட, கிட்டத்து மலைக்கு நீலம் கூட. தரையைக் கன்னங்கரேலென்று ஆக்கி, விளிம்புக்கு மட்டும் வெயில் பட்டதுபோல மஞ்சள் கோடு. ஒரே கட்டத்தை வரைந்தால் மலை முழுவதும் அதுவே பரவிவிடும் என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது. பெரிதாக்கியதைச் சுருக்கினேன். குட்டி மனிதன் கறுப்புத் தரையில் நின்றான். அவனுக்குப் பின்னால் காற்று இருந்தது.

அத்தை மகன் என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டே பொரி தின்றுகொண்டிருந்தான். வாய் அசைவது நின்றது.

முதலில் சேர வந்தவர் சிறுவன் இல்லை. லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதும் ஒரு பெரியவர். தடித்த கண்ணாடி, கையில் துணிப்பை. ஆபீசில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்களாம். வெற்றிலைபாக்குத் தட்டை நீட்டிய கையோடு சித்தப்பா அவரைக் கலர் மிஷினில் உட்கார வைத்துவிட்டார். பின்னால் சேர வந்த பையன்களும் அம்மாக்களும் கூடிவிட்டார்கள்.

அத்தை மகனின் லெவலில் அவர் முதல் முள்ளிலேயே செத்தார். மறுபடியும் செத்தார். பையன்கள் “தாவுங்க சார்! அய்யோ! இந்தப் பக்கம் சார்!” என்று கூரை பறக்கக் கத்தினார்கள். மூன்றாம் முறையும் செத்துவிட்டு, “எனக்கு வயசாயிருச்சுப்பா” என்று கையை எடுத்துவிட்டார்.

பிறகு என் லெவல். மெதுவாக நடந்தார். எதையும் மலை என்று நினைத்துத் தாவவில்லை, விழவில்லை. நடுவில் ஒரு மேட்டின் விளிம்பு வந்ததும் நின்றார். நின்றவர் நின்றவர்தான். பையன்கள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

“இது எந்த ஊரு பாப்பா?”

“ஊரு இல்ல சார். லெவல்.”

“அந்தா தெரியுதே கடைசி மலை, அதுக்கு எப்படிப் போறது?”

“போக முடியாது சார். அது சும்மா பின்னாடி.”

“போக முடியாதுன்னா அப்புறம் எதுக்கு வச்ச?”

எனக்கு முகம் சுட்டது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “போகணும் போல இருக்கு” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லி எழுந்துவிட்டார். கதவு இன்னும் நாலு எட்டில் இருந்தது.

“முடிக்கல! ரெண்டையும் முடிக்கல!” என்றான் அத்தை மகன்.

சித்தப்பா தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. பையன்கள் எதற்குக் கத்தினார்களோ அதுதான் சென்டருக்கு நல்லது என்று சொல்லி மாப்பிள்ளையின் லெவலை வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அழிக்கல தாயி. லீவு முடியறப்ப ஃபிளாப்பில போட்டுத் தாரேன்” என்றார். அவர் வாழ்நாளில் டிஸ்கில் இடம் விட்டுக்கொடுத்த ஒரே சந்தர்ப்பமாக இதைப் பதிவு செய்கிறேன்.

சுண்டலை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். பெரியவர் நான் செய்த தப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன்: போக முடியாத இடத்தைக் காட்டி ஆசை மூட்டுவது தப்பு. கொஞ்ச நேரத்தில் அத்தை மகன் வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

“ஏய்.”

“என்ன?”

“என் முள்ளுக்குப் பின்னாடியும் அந்த மலையப் போட்டுத் தர்றியா?”

“போஸ்டர்னு சொன்னேல்ல?”

“அது முந்தாநேத்து.”

மீதி விடுமுறை முழுக்க இருவரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து அவன் முட்களுக்குப் பின்னால் மலை எழுப்பினோம், மூடுபனி போட்டோம், ஒரு சாயங்காலம் செய்தோம். பையன்கள் மலையைப் பார்த்துக்கொண்டே முள்ளில் செத்தார்கள். முன்னைவிட அதிகமாகச் செத்தார்கள். அத்தை மகனுக்கு அதில் பரம திருப்தி. பெரியவர் மாலை வகுப்பில் சேர்ந்து, இரண்டு விரலால் தட்டித் தட்டி டைப் பழகிக்கொண்டிருந்தார். அவர் வருவது தெரிந்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் என் மலையைக் குறை சொல்லவில்லை என்பது புரிய எனக்கு எத்தனையோ ஆண்டுகள் ஆயின.

சென்ற மாதம் நண்பர் அந்தப் பழைய விளையாட்டையும் எடிட்டரையும் எங்கிருந்தோ தேடிப் பிடித்துத் தந்து, திரையில் அந்த லெவல் மீண்டும் எழுந்தபோது, அதே மேட்டின் விளிம்பில் குட்டி மனிதனை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கடைசி மலையின் அடிவாரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. பெரிதாக்கினேன். அந்த இடத்துக்கென்று தனியாக வரையப்பட்ட ஒரு கட்டம். அதற்குள் மஞ்சளும் வெள்ளையும் மாற்றி மாற்றி வைத்த சில புள்ளிகள். கிட்டத்து விளக்குப் போலக் கண்ணைப் பறிக்காமல், எங்கோ தூரத்தில் யாரோ குடியிருக்கும் வீட்டின் விளக்காகத் தெரியும்படி வைத்திருந்தார்கள்.

அதை நான் வைக்கவில்லை. அத்தை மகனுக்குப் போன் செய்தேன். “நான் வச்சிருந்தா முள்ளுல்ல வச்சிருப்பேன்” என்றான். சித்தப்பா, தனக்கு அந்த எடிட்டரைத் திறக்கவே தெரியாது என்று சொல்லிவிட்டு, மதுரையில் மழை எப்படி என்று என்னிடமே கேட்டார். அவர் இருப்பதும் மதுரையில்தான். பெரியவரின் பெயரோ ஊரோ இருவருக்கும் நினைவில்லை. மாலை வகுப்பில் அவர் எந்த மிஷினில் உட்கார்ந்தார் என்பதையும் என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.