ஆஸ்பத்திரியில் ஒரு மரியாதைப் பதில்

யுத்த காலத்தில் பஸ்ஸெல்லாம் கரியில்தான் ஓடின. எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் காலையிலேயே டவுன் ஆஸ்பத்திரியில் போய் இறங்கும்போது முகமெல்லாம் புகை. அவருடைய வலது கட்டைவிரலில் கொடி படரும் அகத்தி மரத்தின் சிலாம்பு குத்தி ஏறி, சீழ் வைத்து, உள்ளங்கை வரை வீங்கிக் கிடந்தது. வெற்றிலை கிள்ளுவது அந்த விரலின் நகத்தால்தான். அது போனால் எங்கள் பிழைப்பும் போச்சு.

டாக்டர் வரவே வெயில் ஏறிவிட்டது. வந்த பிறகாவது கூப்பிட்டார்களா? காரில் வந்தவர்களெல்லாம் பக்கத்து வாசல் வழியாக நேரே உள்ளே போனார்கள். இவரோ கையை மார்போடு அணைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நாங்கெல்லாம் மனுசங்க இல்லீங்களா? எந்நேரந்தான் இப்புடியே தரையில குக்கிக்கிட்டு இருக்கறது?" என்று கம்பவுண்டரிடம் சத்தம் போட்டேன்.

"கத்தாதேம்மா. கூப்பிடுவோம்ல?"

"சித்தெ சும்மா இரு புள்ள," என்று என்னைத்தான் அடக்கினார் வீட்டுக்காரர்.

உச்சி சாய்ந்தபின் அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டே, நிமிராமல், "எப்படிய்யா இருக்கே?" என்றார். என் மனிதர் மரியாதைக்குத் தோள்துண்டைச் சட்டென்று எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். வீங்கின கை துண்டின் மடிப்புக்குள் மறைந்துபோனது.

"நல்லாருக்கறனுங்க சாமி. நீங்க நல்லாருக்கறீங்களா?"

எங்கள் பக்கம் யார் விசாரித்தாலும் வாயில் வருவது அதுதான். சாகக் கிடக்கிறவரும் அதைத்தான் சொல்வார். டாக்டர் வெளியூர்க்காரர். முன்பே வைத்தியம் பார்த்துப் போனவர் என்று நினைத்துவிட்டார் போல. "அப்புறமென்ன, ஊருக்குப் போ. அடுத்த ஆள்!"

"உங்களுக்குக் கூறு இருக்குதுங்களா? நல்லாருக்கறதுக்கா இத்தன தூரம் வந்தோம்?" வெளியே வந்தவரைப் பிடித்து உலுக்கினேன்.

"பெரியவங்க கேக்கறப்ப நல்லால்லீன்னு எப்புடிச் சொல்றது?" என்றார், பாவம், நிஜமான திகைப்போடு.

எங்கள் முறை முடிந்துபோச்சாம். கடைசியில் போய் உட்காரச் சொன்னார் கம்பவுண்டர். எத்தனையோ கெஞ்சினேன், மசியவில்லை. பொழுது இறங்க இறங்க அவருக்குக் குளிர் எடுத்தது. நாலு பேர் பார்க்க என் தோளில் தலை சாய்த்தார். அப்படிச் செய்கிறவரே இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை கம்பவுண்டரைத் தள்ளிவிட்டு நானும் நுழைந்தேன். துண்டைப் பிடுங்கி, அவர் கையை மேசைமேல் எடுத்து வைத்தேன். டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். முகம் மாறிப்போனது. விரலை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கையே தங்காது என்றார். பிறகு எங்களை அதட்டினார்:

"இவ்வளவு முத்தற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க? இன்னிக்குக் காலையிலயாவது வந்திருக்கக் கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் தள்ளாடி எழுந்து நின்று, "தப்புதானுங்க சாமி," என்றார்.