பஸ்ஸில் தூங்குகிறவர்களை வரைகிற என் மகள்

பிள்ளைகளே, நீங்கள் படிக்கும் இந்தச் சிறுவர் இதழில் என் மகளும் ஓர் ஆசிரியர். சம்பளம் கிடையாது. கல்லூரியில் படித்துக்கொண்டே, நீங்கள் அனுப்பும் கதைகளைத் திருத்தித் தருகிறாள். போன இதழில் புது ஆசிரியர்கள் எல்லாரும் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்லி அறிமுகம் எழுதியிருந்தார்கள் அல்லவா, அதனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் பத்தாவது படித்தவன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணிக் கடையில் பார்சல் கட்டுகிறேன். தப்பிருந்தால் அவள் திருத்திக்கொள்வாள்.

புத்தகம், பாட்டு என்று எழுதுவாள் என நினைத்தேன். அவளோ, பஸ்ஸில் தூங்குகிறவர்களை வரைவது பிடிக்கும் என்று எழுதிவிட்டாள். அவள் கல்லூரி வேடசந்தூர் பக்கம். சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் மில் வேலை முடிந்த பெண்களும் ஏறுவார்கள். உட்கார்ந்ததுமே தூக்கம். இவள் பென்சிலை எடுத்துவிடுவாள்.

அறிமுகத்தோடு ஒரு படமும் வந்திருந்தது. ஜன்னல் கம்பியில் தலை சாய்ந்து, வாய் திறந்து, மடியில் டிபன் பையோடு ஒரு பெண். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மில்லுக்குப் போகிற எதிர்வீட்டு அம்மாதான்.

"அவுகள்ட்ட கேட்டியா?" என்றேன்.

"தூங்கிட்டு இருந்தாகப்பா."

அந்த அம்மா கூட வருகிற தைரியத்தில்தான் அவளை அவ்வளவு தூரம் அனுப்புகிறோம். அவர் மகளுக்கும் பள்ளிக்கூடத்தில் இந்த இதழ் கிடைக்கும். ஊரே சிரிக்கும்படி செய்துவிட்டாள் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? "இனிமே பென்சிலத் தொட்டுப் பாரு" என்றாள் என் மனைவி. மகள் நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு, பிந்தி வரும் பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டாலே நானும் உள்ளே போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவே இதழைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணே, எங்க உங்க மக? ஒளிஞ்சுக்கிட்டாளா?"

மகள் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஏத்தா, இது நாந்தான?"

"ஆமா அத்தை. தப்புத்தான். இனிமே வரையல."

"வாய இம்புட்டுப் பெருசாவா தொறந்திருந்தேன்?"

"அதெல்லாம் இல்ல மதினி, இவளுக்கு வரையத் தெரியல" என்று என் மனைவி முந்திக்கொண்டாள்.

"நீ சும்மா இரு. வீட்டுலயும் இப்புடித்தானாம், எம் மக சொல்றா. மில்லு பூராக் காட்டியாச்சு. ஈ உள்ள போயிட்டு வெளிய வந்துருமேன்னு ஒருத்தி கேக்குறா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"கோவம் அதுக்கில்ல. பையப் போட்டு எடம் புடிச்சு வச்சுட்டு, ஏறுவா ஏறுவான்னு தெனம் பாக்குறேன். எங்க போன நீ?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மா கொஞ்சம் குரலை மாற்றினார்.

"ஆனா புத்தகத்துல போடுறதுக்கு முந்திக் கேக்கணும்த்தா."

"தூங்குறவகள எப்புடி அத்தை எழுப்பிக் கேக்குறது?"

"எறங்குறப்பக் காட்டு. வேணாம்னா கிழிச்சு அவுக கையிலயே குடுத்துரு."

மறுநாள் பழையபடி முந்தி வரும் பஸ்ஸிலேயே வந்தாள். நோட்டில் ஒரு தாள் கிழிந்திருந்தது. "கன்னம் குண்டா இருக்காம், மில்லு அக்கா ஒருத்தவுக வேணாம்னுட்டாக" என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "ஆனா வாங்கி மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டாகப்பா."