எஸ்தர் சிஸ்டரின் டி டிரைவ்

போளூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் வேலை கற்க வருபவர்களுக்கு என் தப்புகளை எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லுவேன், ஒன்றைத் தவிர. அதை இங்கே எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி. அங்கே நர்ஸாக இருக்கும் எஸ்தர் சிஸ்டர் ஒரு நாள் போன் செய்தார்.

"தம்பி, சிஸ்டம் ஆன் ஆவுது, விண்டோஸ் வர மாட்டேங்குது. சி டிரைவ் ஃபுல்லுன்னு ஒரு வாரமா சிவப்புல காட்டிக்கினு இருந்துச்சு. என் ஃபைலெல்லாம் டி-ல கீது. அத மட்டும் பத்திரமா பாத்துக்கோப்பா."

அந்த ஃபைல் வீட்டிலேயே பிறந்த குழந்தைகளின் பட்டியல். பதினோரு வருடமாக ஊர் ஊராக நடந்து, பிறந்த தேதி, எடை, தாய் தகப்பன் பெயர் என்று கேட்டுத் தட்டி வைத்தது. சான்றிதழுக்கு அலையும் பல குடும்பங்களுக்கு அதை விட்டால் வேறு ஆதாரம் இல்லை.

மலையேறிப் போய்ப் பார்த்தேன். மெஷின் ரொம்பப் பழசு, விண்டோஸ் எக்ஸ்பிக்கு மேல் எதுவும் ஓடாது. சிடி டிரைவின் ட்ரே வெளியே வரவில்லை. குண்டூசி விட்டுத் திறந்து சிடியை வைத்தேன், சுற்றவே இல்லை. என்னிடம் பென் டிரைவில் ஒரு எக்ஸ்பி பூட் ஆகும்படி தயாராக இருந்தது. அதை வைத்தே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் டிஸ்கைக் கழற்றி, என் லேப்டாப்பில் மாட்டி, ஃபைல்களைக் காப்பி எடுத்திருக்க வேண்டும். கேபிள்கூடப் பையில் இருந்தது. மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். எடுக்கவில்லை.

பென் டிரைவிலிருந்து எக்ஸ்பி போடும்போது சி, டி என்ற டிரைவ் எழுத்துகள் இடம் மாறும். எனக்கு அது தெரியும். நீலத் திரையில் டிஸ்க் ஒரே அளவில் இரண்டு பார்ட்டிஷனாகப் பிரிந்திருந்தது. சி என்று இருந்ததை அழிக்கச் சொன்னேன். உறுதியா என்று கேட்டது. ஆமாம் என்பதற்கு எல் எழுத்தை அழுத்தினேன். அதன்பிறகுதான் மீதியிருந்ததைப் பார்த்தேன். அதில் காலி இடமே இல்லை. நிரம்பி வழிந்த பழைய விண்டோஸ் அதுதான். நான் அழித்தது சிஸ்டரின் டி.

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு சாதாரணத் தப்பு. எஃப் 3 அழுத்தி வெளியே வந்து, டிஸ்கைக் கழற்றி, வேலூரில் அழிந்த ஃபைலை மீட்டுத் தரும் கடைக்குக் கொண்டுபோயிருந்தால் ஃபைல்களை மீட்டிருக்கலாம். மேலே எதுவும் எழுதாதவரை அவை அங்கேயேதான் இருக்கும். அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"இன்னா தம்பி, ஆயிடுச்சா?"

"ஆவுது சிஸ்டர்" என்றேன். அழித்த இடத்திலேயே எக்ஸ்பி போடச் சொல்லி என்டரைத் தட்டினேன். சிஸ்டரின் பதினோரு வருடத்தின் மேல் மஞ்சள் கோடு மெல்ல நகர்ந்தது. முடிந்ததும் மிச்சமிருந்த பார்ட்டிஷனையும் துடைத்து, காலி டி டிரைவாகக் காட்டினேன்.

"டிஸ்க் அடி வாங்கிட்டு கீது சிஸ்டர். ஒண்ணும் எடுக்க முடியல."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "போன வாரம் இடி இடிச்சப்போ ஆஃப் பண்ணாம வூட்டுக்குப் போய்ட்டேன். நான்தான் கெடுத்துட்டேன்." பிறகு, "உன்ன வேற இம்மாந்தூரம் அலைய வச்சிட்டேன்" என்றார்.

மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து பிரின்டர் பார்க்கப் போனேன். சிஸ்டர் மடியில் நோட்டு. எதிரே ஒரு பெண், இடுப்பில் குழந்தை.

"எந்த மாசம்மா?"

"சாமை அறுத்து முடிச்சிட்டு இருந்தோம் சிஸ்டர்."

"தேதி?"

அந்தப் பெண் தெரியாது என்று தலையாட்டினாள். சிஸ்டர் நோட்டில் எதையோ எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள்.

அந்தப் பெண் போனதும் சொன்னேன். "டிஸ்க் கெடல சிஸ்டர். நான்தான் மாத்தி அழிச்சிட்டேன்."

அவர் நோட்டை மூடவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா எடுத்திருக்கலாமா?"

"எடுத்திருக்கலாம்."

"ட்ரஸ்ட்டுக்கு என் தப்புன்னு கைப்பட எழுதிக் குடுத்துட்டேன்பா." பேனாவை என் பக்கம் நீட்டினார். "இப்ப நீ எழுது."

எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: காப்பி எடுக்காமல் எந்த டிஸ்கிலும் கை வைக்காதீர்கள். தப்பாகிவிட்டால் கையை எடுத்துவிட்டு, உரியவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் மீட்க முடிவது அடுத்த நிமிடம் முடியாமல் போகலாம்.

சிஸ்டர் இப்போதும் சிஸ்டம் கெட்டால் என்னைத்தான் கூப்பிடுகிறார். நான் வேலையை முடிக்கும்வரை பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.